பிடியரிசிப் பள்ளிக்கூடங்கள்

தனியார் பள்ளி என்றவுடன் இன்று பலருக்கும் மனக்கண்ணில் தோன்றுவது மஞ்சள் வேனும் கழுத்துப்பட்டையும் கட்டணச் சீட்டும்தான். விருதுநகர், சிவகாசி வட்டாரத்துக் கரிசலில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அச்சொல்லின் முதற்பொருள் வேறு. இங்கே தனியார் பள்ளி ஒரு பிடி அரிசியிலிருந்து தொடங்கியது. உலை வைக்கும் நேரத்தில் வீட்டுப் பெண்கள் அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை அள்ளித் தனிக் கலயத்தில் இட்டு வைப்பார்கள். அந்த அரிசியை வீடுவீடாகச் சேகரித்து, அதைக்கொண்டு பள்ளிக்கூடச் செலவுக்கு வழிசெய்தார்கள். விருதுநகர் நாடார் உறவின்முறையினர் 1880களில் தொடங்கிய க்ஷத்திரிய வித்தியாசாலை இப்படித்தான் வேரூன்றியது. அன்றைக்கு ஊரின் பெயர் விருதுபட்டி. விருதுநகர் என்று அது மாறியது 1923இல்தான்.

பிடியரிசி பெண்கள் கொடுத்தது. ஆண்கள் கொடுத்தது மகமை. பஞ்சு, பருப்பு, மிளகாய், எண்ணெய் என்று பேட்டைக்கு வந்து போகும் சரக்கின் மீது வணிகர்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட சிறு வரி அது. அரசன் கேட்டதன்று, அதிகாரி பிடுங்கியதன்று. உறவின்முறையில் பொறுப்பேற்ற முறைகாரர் அதைத் திரட்டிக் கணக்கு வைப்பார். அதிலிருந்து கோயில் நடந்தது, கிணறு வெட்டப்பட்டது, சத்திரம் எழுந்தது, பள்ளிக்கூடம் நடந்தது. 'மகிமை' என்னும் சொல்லே மக்கள் வழக்கில் மகமையாயிற்று என்பர். பெருமையைக் குறிக்கும் ஒரு சொல் வரியின் பெயராக மாறியிருப்பது உலகில் வேறெங்கேனும் உண்டா என்று நாங்கள் வியந்ததுண்டு.

கடையும் தராசும் இருந்தவர்கள் ஏன் கரும்பலகையைத் தேடினார்கள் என்பதற்கு அக்காலத்து வரலாறே விடை. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததை ஒட்டி எழுந்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. 1899இல் சிவகாசி சூறையாடப்பட்டது. பூமணியின் 'அஞ்ஞாடி' நாவலை வாசித்தவர்களுக்கு அந்த நாட்களின் புழுதியும் புகையும் நினைவிருக்கும். கோயிற்கதவு திறக்காத காலத்தில் அவர்கள் தாங்களே ஒரு கதவைச் செய்து, தாங்களே திறந்துகொண்டார்கள். அதற்கு முன்னரே மிஷனரிகள் இவ்வட்டாரத்தில் பள்ளிக்கூடங்களோடு வந்திருந்தனர். சர்ச் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ராக்லாந்து சிவகாசியையே இருப்பிடமாகக் கொண்டு 1858இல் இங்கேயே மறைந்தார். சிவகாசியை ஒட்டிய சாட்சியாபுரத்தின் பெயரிலேயே அந்தக் காலம் உறைந்திருக்கிறது. எழுத்து ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைக் கரிசல்காடு அங்கிருந்தும் கண்டுகொண்டது.

காமராசர் படித்த பள்ளிகளின் வரிசை இந்த வரலாற்றின் சுருக்கம் போலிருக்கும். முதலில் ஒரு திண்ணைப் பள்ளி, பிறகு ஏனாதி நாயனார் வித்தியாசாலை, அதன்பின் க்ஷத்திரிய வித்தியாசாலை. தமிழ் படித்தவர்கள் அந்த இரண்டாவது பெயரில் சற்று நின்றே கடக்க முடியும். பெரியபுராணத்து ஏனாதிநாத நாயனார் ஈழக்குலச் சான்றார் மரபினர். வாள்வித்தை கற்பித்து வாழ்ந்தவர். கற்பிக்கும் உரிமையை முன்னிட்டே பகைகொண்டு வந்த அதிசூரனோடு பொருதவர். அறுபத்துமூவருள் ஆசிரியத் தொழிலால் வாழ்ந்த ஒருவரைத் தேடிப் பிடித்து ஓர் ஆரம்பப் பள்ளிக்குப் பெயராக வைத்தவர்கள், கல்வியைக் கூலிக்கான வழியாக மட்டும் கருதியிருக்க முடியாது. யார் கற்கலாம், யார் கற்பிக்கலாம் என்ற பழைய வழக்கில் அந்தப் பெயரே ஒரு வாதம்.

காமராசரின் பள்ளிநாள் குறித்து அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் தவறாமல் இடம்பெறும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. பிள்ளையார் சதுர்த்திக்குப் பிள்ளைகள் எல்லாரிடமும் பணம் வாங்கினார்கள். பொரி வழங்கியபோது முண்டியடித்தவர்களுக்கு நிறையக் கிடைத்தது. ஒதுங்கி நின்ற சிறுவனுக்குக் கொஞ்சமே கிடைத்தது. வீட்டில் கேட்டபோது, எல்லாரிடமும் ஒரேபோல் வாங்கியவர்கள் எல்லாருக்கும் ஒரேபோல் கொடுப்பதுதானே முறை என்று அவர் சொன்னாராம். தந்தையை ஆறு வயதில் இழந்து, ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, மாமாவின் துணிக்கடையில் நின்ற பிள்ளை அவர். 1954இல் முதலமைச்சரானதும் அரைநாள் பள்ளித் திட்டத்தை நீக்கினார். 1956இல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கினார். பிடியரிசி ஊரெங்கும் பரந்த வடிவமே மதிய உணவு என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். பொரிக் கணக்கும் அதில் சேர்ந்திருக்கிறது என்பது எங்கள் எண்ணம்.

இவ்வளவும் பெருமைப் பக்கம். இந்த வட்டாரத்தில் பிறந்தவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது.

1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். மழை பொய்த்த மண்ணுக்கு அது சோறு போட்டது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் அச்சகமும் வந்தன. 'குட்டி ஜப்பான்' என்று நேரு சொன்னதாக ஊரார் மகிழ்ந்தார்கள். இத்தொழிலின் இரு வேலைகளுக்குச் சிறு விரல்கள் வாகாக இருந்தன: சட்டத்தில் தீக்குச்சி அடுக்குதல், பெட்டி ஒட்டுதல். விடியுமுன் கிராமங்களுக்குள் ஆபீஸ் வண்டி வரும். தீப்பெட்டித் தொழிற்சாலையை இங்கே 'ஆபீஸ்' என்றே சொல்வார்கள். உறக்கம் கலையாத பிள்ளைகளைத் தாய்மார் தூக்கி ஏற்றிவிடுவார்கள். 1976இல் இத்தகைய பிள்ளைகளை ஏற்றிச் சென்ற பேருந்து விபத்துக்குள்ளாகிப் பலர் இறந்ததை அடுத்து ஹர்பன்ஸ் சிங் குழு அமைக்கப்பட்டது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சலம் பென்னூர்கரின் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படமும் பூமணி இயக்கிய 'கருவேலம்பூக்கள்' திரைப்படமும் அந்த அதிகாலைகளைப் பதிந்து வைத்திருக்கின்றன. 1991 ஜூலையில் மீனம்பட்டிப் பட்டாசு விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் அளித்த தீர்ப்பு, பணியிலமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது.

ஒரு கை அரிசி அள்ளிப் பள்ளிக்கூடம் எழுப்பிய அதே மண்ணில், இன்னொரு கை பிள்ளையை வண்டியில் ஏற்றியது. இரண்டும் ஒரே வட்டாரத்தின் கைகள். இந்த முரண்பாட்டுக்கு நடுவேதான் எங்கள் தலைமுறை அ, ஆ எழுதிப் பழகியது.

எங்கள் கிராமத்துப் பள்ளி விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே, ஊரின் உறவின்முறை நடத்திய உதவி பெறும் தொடக்கப்பள்ளி. கட்டடம் நிர்வாகத்துடையது, ஆசிரியர் சம்பளம் அரசுடையது. எங்கள் பெற்றோர் அந்த உறவின்முறையைச் சேர்ந்தவர்கள் அல்லர். மகமை கட்டியவர்களும் அல்லர். கம்மங்காட்டிலும் தீப்பெட்டி ஆபீசிலும் கூலிக்கு நின்றவர்கள். ஆயினும் அந்தப் பள்ளியின் வாசற்படியில் யாரும் எங்களை நிறுத்தி என்ன ஆள் என்று கேட்டதில்லை. வேறு இடங்களில் கேட்டதுண்டு. ஆகவே கேட்காததன் அருமை எங்களுக்குத் தெரியும். ஐந்து வகுப்புக்கும் ஒரே நீளக் கூடம். வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையே தட்டி மறைப்பு. மூன்றாம் வகுப்பின் பெருக்கல் வாய்பாடு நான்காம் வகுப்பின் திருக்குறளுக்குள் வந்து விழும். பகலில் சத்துணவு.

தலைமையாசிரியரைப் பெரிய சார் என்போம். வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து வராத பெயர்களைச் சிவப்பு மையால் குறித்துக்கொண்டு சாயங்காலம் அந்தந்த வீட்டுக்கு நடந்தே போவார். பிள்ளை ஆபீஸ் போய்விட்டது என்று வீட்டார் சொன்னால் திட்ட மாட்டார். எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்பார். அந்தத் தொகையைத் தெரிந்துகொண்டு ஏஜெண்டிடம் போவார். உறவின்முறை அண்ணாச்சிகளிடமும் போவார். சில வீடுகளில் பிள்ளை திரும்பி வந்தது. பல வீடுகளில் வரவில்லை. எங்களோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தவர்களில் ஐந்தாம் வகுப்பு வாசல் தாண்டியவர்கள் பாதிப்பேர் இருந்தால் அதிகம். பெண்பிள்ளைகள் இன்னும் குறைவு. எங்களைவிட வேகமாக மனக்கணக்குப் போட்ட ஒருத்தி, ஒரு நாளைக்கு எத்தனை சட்டம் அடுக்கினால் எவ்வளவு கூலி என்ற கணக்கிலேயே தன் கணிதத்தை முழுவதும் செலவழித்தாள். அவளைத் தாண்டித்தான் நாங்கள் கல்லூரிக்குப் போனோம்.

புறநானூற்றில் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடியதாகத் தொகுக்கப்பட்ட பாட்டை இன்று வகுப்பில் நடத்தும்போதெல்லாம் அவள் முகம் வந்து நிற்கிறது. கற்றவனாயின் பெற்ற தாயின் மனமும் அவன்பால் சாயும் என்றும், கீழ்ப்பாலில் பிறந்தவன் கற்றால் மேற்பாலில் பிறந்தவனும் அவன்கீழ்ப் பயில்வான் என்றும் அந்தப் பாண்டியன் சொல்கிறான். கற்க முடிந்தவர்களின் பாட்டு அது. ஆபீஸ் வண்டியில் ஏறியவர்களுக்குப் பாண்டியன் பதில் எழுதவில்லை.

வண்டிகள் மெல்ல நின்றன. சட்டம் ஒரு காரணம். 1980களின் இறுதியில் சிவகாசியில் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் இன்னொன்று. இயந்திரம் வந்து குச்சி அடுக்கியது மற்றொன்று. பெற்றோரின் மனமாற்றத்தை எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்ல வேண்டும். தம் விரல் நுனிகள் மருந்தில் தேய்ந்ததைப் பார்த்த தாய்மார், தம் பிள்ளை விரலை அதற்குக் கொடுப்பதில்லை என்று தீர்மானித்தார்கள். பொதுத்தேர்வுகளில் இம்மாவட்டம் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பெற்றதை எல்லாரும் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டின் ஒரு பங்கு அந்தத் தாய்மாருக்கு உரியது.

இப்போதும் விடிகாலையில் ஊருக்குள் வண்டி வருகிறது. மஞ்சள் வண்ணம் பூசிய பள்ளி வேன். ஏறுகிற பிள்ளைகளுக்கு அதே தூக்கக் கலக்கம். அவர்களைக் கொண்டுபோகும் இடம் நர்சரி பிரைமரிப் பள்ளி. கட்டணம் கட்டுகிறவர்கள் பட்டாசு ஆலையில் மருந்து அடைப்பவர்களும் திரி சுற்றுபவர்களும். இதைப் பார்த்து ஆங்கில மோகம் என்று எழுதிவிடுவது எங்களைப் போன்ற தமிழாசிரியர்களுக்கு எளிது. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு அப்படி எழுதலாம். அறை வெடித்தால் வீடு திரும்புவோமா என்று தெரியாமல் வேலைக்குப் போகிற ஒரு பெண், தன் பிள்ளை அந்தப் பக்கமே வரக்கூடாது என்பதற்காகக் கட்டுகிற பணத்தை மோகம் என்று சொல்ல எங்களுக்கு நாக்கு எழவில்லை. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் நடந்தது அவர்களுக்குச் செய்தி அன்று, அக்கம்பக்கம்.

விளைவு எங்கள் பழைய பள்ளியின் கூடத்தில் தெரிகிறது. தட்டிகள் எடுக்கப்பட்டுவிட்டன, மறைக்க வகுப்புகள் இல்லை. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து முப்பது பிள்ளைகளுக்கும் குறைவு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி தொடக்கப்பள்ளியில் அறுபது பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்பை இருவர் பார்க்கிறார்கள். அதே சட்டம், உதவி பெறாத தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பின் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கி, செலவை அரசு ஈடுசெய்ய வேண்டும் என்கிறது. ஏழைப் பிள்ளைக்கு அது நியாயமான உரிமை. ஏழைப் பிள்ளைகளாலேயே உயிர்வாழும் உதவி பெறும் பள்ளிக்கு அது கசிவு. இரண்டும் உண்மை.

இரண்டாண்டுகளுக்கு முன் பள்ளியின் நிர்வாகக் குழுவிலிருந்து பழைய மாணவர்களுக்கு அழைப்பு வந்தது. உதவி பெறும் பள்ளியை மூடிவிட்டு அதே இடத்தில் சுயநிதி ஆங்கிலப் பள்ளி தொடங்கலாமா என்று கருத்துக் கேட்டிருந்தார்கள். முதுகலை படித்து, கல்லூரியில் பணியாற்றுபவர்கள் என்பதால் எங்கள் சொல்லுக்கு ஒரு மதிப்பிருக்கும் என்று நம்பினார்கள். குழுவின் தலைவர் அண்ணாச்சி முதியவர். அவர் மறைக்காமல் பேசினார். "கட்டடம் ஒழுகுது. பிள்ளை இல்ல. எங்க பேரப்பிள்ளைகளே டவுனுக்குத்தான் போகுது. யாருக்காக இத இழுத்துப் பிடிக்கணும், நீங்களே சொல்லுங்க" என்றார்.

அந்தக் கேள்விக்கு எங்களிடம் ஆயத்தமான விடை இருக்கவில்லை. சமூகத்தின் பள்ளி என்றால் எந்தச் சமூகத்தின் பள்ளி? அரிசி கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் வெளியேறிவிட்டார்கள். மீந்திருப்பவர்கள் பிடியரிசி கொடுக்க வசதி இல்லாதிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள். கொடுத்தவர்களுக்கே உரியது என்றால் மூடிவிடலாம், கணக்கு நேராகிவிடும். உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கும் அதில் உரிமையுண்டு என்றால், அந்த உரிமைக்கு இனி யார் மகமை கட்டுவது? முண்டியடிக்காத பிள்ளைக்கும் பொரி போய்ச் சேர வேண்டும் என்பது அறம். பொரி வாங்கப் பணம் போட ஆள் வேண்டும் என்பது நடைமுறை.

நாங்கள் கூட்டத்தில் சொன்னது இவ்வளவுதான். எங்கள் பெற்றோர் கொடுக்காத மகமையை நாங்கள் கட்டுகிறோம். உறவின்முறையில் எங்களுக்கு இடம் வேண்டாம். கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் போதும். அண்ணாச்சி சற்றுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு இரண்டாண்டு தவணை கொடுத்தார்.

பழைய மாணவர்கள் பதினான்கு பேர் மாதம் ஒரு நாள் சம்பளம் என்று எழுதிக்கொடுத்தோம். அச்சகத்தில் பைண்டிங் செய்பவரும் அதில் உண்டு; பலசரக்குக் கடை வைத்திருப்பவரும் உண்டு. வீடுவீடாகப் போய்க் கேட்டோம். பெற்றோர் மூன்று சொன்னார்கள்: வண்டி வேண்டும், ஆங்கிலம் பேச வர வேண்டும், சாயங்காலம் ஆறு மணிவரை பிள்ளை பத்திரமாக இருக்க வேண்டும். ஒருவர்கூடத் தமிழ் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓர் ஆட்டோ ஏற்பாடாயிற்று. ஆங்கிலத்துக்கு எங்கள் கல்லூரியில் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த பெண் ஒருவர் வந்தார். மாலை நேரத்தையும் அவரே பார்த்துக்கொண்டார். கூரை ஒழுகலை நிர்வாகம் அடைத்தது. 2022இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 அன்று, காமராசர் பிறந்தநாளில், ஊரகப் பகுதி உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் வீடுகளில் அதன் பொருள் என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதனாலெல்லாம் பள்ளி தழைத்துவிட்டது என்று எழுத ஆசைதான். சென்ற ஜூனில் ஒன்றாம் வகுப்பில் ஏழு பிள்ளைகள் சேர்ந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு இருவர். அண்ணாச்சி தந்த தவணை வரும் கோடையில் முடிகிறது. அறுபதை எட்டுவோமா என்று தெரியாது. எட்டாவிட்டால் மூடுவார்கள், அவர்கள்மேல் எங்களுக்கு வருத்தம் இராது.

அந்த ஏழு பேரில் ஒருத்தியின் தாய் பட்டாசு ஆலையில் வேலை செய்பவர். ஆட்டோவுக்குக் கட்டணம் இல்லை என்று சொன்ன பிறகும் ஒவ்வொரு சனிக்கிழமையும் கூலி வாங்கிய கையோடு பத்து ரூபாய் கொண்டுவந்து கொடுக்கிறார். வேண்டாம் என்று மறுத்தோம். "சும்மா ஏறிப் போனா பிள்ளைக்குப் படிப்பு ஒட்டாதுண்ணே" என்றார். அந்தப் பத்து ரூபாயை மகமைக் கணக்கில், அவர் பெயருக்கு நேராக, வாரம் தவறாமல் வரவு வைத்து வருகிறோம்.